கதவை எண்ணாதீர்கள், பில்லரைப் பாருங்கள்

பழைய காரைப் பார்த்ததும் கதவுகளை எண்ணி, நாலு இருந்தால் செடான், ரெண்டு இருந்தால் கூபே என்று முடிவு கட்டுவது வழக்கம். இரண்டு கதவு செடான்களும் ஏராளமாக வந்திருக்கின்றன என்பதால் இது பலமுறை தப்பாகிவிடும். கூரையைத் தாங்கும் பில்லர்களைப் பார்ப்பதே நம்பகமான வழி. முன்கண்ணாடியின் இருபுறமும் இருப்பது ஏ பில்லர், முன்கதவுக்குப் பின்னால் பி, அதற்கும் பின்னால் சி. டிக்கி வரை கூரை நீளும் ஸ்டேஷன் வேகனில் கடைசியாக டி பில்லரும் உண்டு. பாடி வடிவங்களின் வரலாற்றில் பெரும்பகுதி, கூரையை எப்படிச் செய்வது, எதன் மேல் நிறுத்துவது என்ற கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது.

1920களின் தொடக்கம் வரை மடக்குத் துணிக்கூரை போட்ட திறந்த கார்களே அதிகம் விற்றன. மூடிய பாடி விலை கூடுதல்; மரச்சட்டம் கட்டி அதன்மேல் தகடு அடிக்க வேண்டும். 1922-இல் அமெரிக்காவின் எசெக்ஸ் நிறுவனம் ‘கோச்’ என்ற மூடிய காரை மலிவாகக் கொண்டுவந்த பிறகு நிலைமை வேகமாக மாறியது. அப்போதும் கூரையின் நடுப்பகுதியில் இரும்பு கிடையாது. அவ்வளவு அகலமான தகட்டை உருட்டும் ஆலைகள் அன்று இல்லாததால், மரச்சட்டத்தின் மேல் கம்பிவலை, பஞ்சு, அதற்கும் மேலே நீர் புகாத துணி என்று அடுக்கி மூடினார்கள். 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘டரட் டாப்’ என்ற பெயரில் ஒரே தகட்டில் அழுத்திய கூரையைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய காரை வாங்கப் போனால், துணியும் தகடும் சேரும் விளிம்பை உள்ளிருந்து சோதியுங்கள். தண்ணீர் இறங்குவது அங்கேதான். மரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது உள்ளே போனால், வெளியே பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சட்டம் உளுத்துவிட்டது என்று அர்த்தம்.

ஹார்டுடாப் என்பது பி பில்லரையே எடுத்துவிட்ட வடிவம். 1949-இல் பியூக் ரிவியரா, காடிலாக் கூப் டி வில், ஓல்ட்ஸ்மொபீல் ஹாலிடே மூன்றும் இதைப் பிரபலமாக்கின. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் தடையே இல்லை. இதைவிட அழகான கார் வடிவம் வரவில்லை என்பது என் எண்ணம். ஆனால் கதவுக் கண்ணாடி சட்டமில்லாமல் நேராகப் பின்சீட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடியின் ரப்பரில் போய்ச் சேர வேண்டும். சற்று விலகினாலும் காற்று விசிலடிக்கும், மழை உள்ளே வரும். சரிசெய்யும்போது வரிசை முக்கியம்: முதலில் கதவின் இடைவெளி, பிறகு புது ரப்பர், அதன்பின் கதவுக் கண்ணாடி, கடைசியாகத்தான் பின்சீட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடி.

ஹேட்ச்பேக்கில் சிக்கல் வேறு. டிக்கி மூடிக்குப் பதிலாகக் கூரை விளிம்பிலிருந்து பம்பர் வரை பெரிய துளை போட்டால் பாடி முறுகும்; துளையைச் சுற்றி வளையம்போல் பலப்படுத்த வேண்டும். ரெனோ 4 (1961), ரெனோ 16 (1965), பிறகு 1974-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று இது வளர்ந்தது.

கூரையை முழுசாக எடுத்த கன்வெர்டிபிளில் பாரம் எல்லாம் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியில் இறங்குகிறது. தனி சேசிஸ் இல்லாத கார்களில் சில் துருப்பிடித்தால் நடுவில் தொய்ந்து, கதவின் மேல்பக்க இடைவெளி குறுகிவிடும். பழைய சில்லை வெட்டும் முன், ஏ பில்லருக்கும் பின்பக்கக் கதவுச் சட்டத்துக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். இதைத் தவிர்த்தால் புது சில் தொய்ந்த நிலையிலேயே இறுகிவிடும். கதவு சரியாக மூடாது.

கூபேயின் கூரையை வெட்டிவிட்டு கன்வெர்டிபிள் என்று விற்பவர்களும் உண்டு. 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங்கில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆலையில் பொறித்த வண்டி எண்ணின் (பதிவு எண் அல்ல) மூன்றாம், நான்காம் இலக்கங்கள் கூபேக்கு 07, கன்வெர்டிபிளுக்கு 08, கூரை பின்புறம் வரை சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக்குக்கு 09. டிரைவர் கதவில் உள்ள தகட்டில் பாடி குறியீடு இதே வரிசையில் 65, 76, 63 என்று தொடங்கும். கதவை மாற்றிவிடலாம் என்பதால் அதோடு நிறுத்தாமல் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்த கன்வெர்டிபிளில் உள்சில் தடித்த தகட்டில் இருக்கும், முன்சீட்டுகளுக்குக் கீழே தரையில் கூடுதல் பலத்தகடும் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும்.