ஒரு சின்னம், பல சீட்டுகள்: டாரட் குறிப்பேடு

மார்ச் 2
டாரட் என்பது படம் பார்த்துக் குறி சொல்லும் சீட்டு. இங்கே நான் பார்ப்பது 1909-இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டு. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட், ஓவியம் பமீலா கோல்மன் ஸ்மித். மொத்தம் 78 சீட்டுகள். ஒரு சின்னத்தை எடுத்து, அது வரும் சீட்டுகளை மட்டும் பிரித்து வரிசையாகப் போட வேண்டும். எது மாறியிருக்கிறது என்று பார்த்தபிறகுதான் பொருள். ‘ரோஜா என்றால் ஆசை’ என்று மனப்பாடம் செய்தவர்கள் மூன்றாவது ரோஜாவிலேயே திணறுவார்கள்.

மார்ச் 3
மாதுளை. ஹை பிரீஸ்டஸ் என்ற சீட்டில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தொங்கும் திரையில் இருக்கிறது. அடுத்த சீட்டான எம்பரஸில் அதே பழம் அவள் அங்கிக்கு வந்துவிடுகிறது. முன்னால் விளைந்த கதிர்கள். திரையில் இருந்தது உடுப்பாகிவிட்டது. இரண்டையும் ஒட்டி வைக்காமல் இது கண்ணில் படாது.

மார்ச் 4
ரோஜாவும் லில்லியும். மெஜிஷியன் சீட்டின் தோட்டத்தில் இரண்டும் கலந்து பூத்திருக்கின்றன. ஹைரோபான்ட் சீட்டில் தலைமைக் குருவின் முன்னால் இருக்கும் இருவரில் ஒருவர் உடையில் ரோஜா, மற்றவர் உடையில் லில்லி: சேர்ந்திருந்தது இரண்டு ஆட்களாகப் பிரிகிறது. கோல் இரண்டு என்ற சீட்டில் கோட்டைச் சுவரில் இரண்டும் குறுக்காக. முதல் அச்சின் சீட்டு முதுகிலும் இதே ஜோடிதான்.

வெள்ளை ரோஜா தனிக் கணக்கு. ஃபூல் கையில் ஒன்று, டெத் பிடித்த கறுப்புக் கொடியில் ஒன்று. பின்னாளில் வண்ணம் மாற்றி அச்சிட்ட கட்டுகளை வைத்து நிறத்துக்குப் பொருள் சொன்னால் ஏமாந்துபோவோம். முதலில் வரைகோடுகளைப் பாருங்கள், நிறம் அப்புறம்.

மார்ச் 6
சிவப்பு இறகு: ஃபூல், டெத், சன். டெத்திலும் சன்னிலும் வெளிறிய குதிரையும் உண்டு. டெத்தில் எலும்புக்கூடு கவசம் அணிந்து போகிறது. சன்னில் குழந்தை சேணமும் கடிவாளமும் இல்லாமல் அம்மணமாக உட்கார்ந்திருக்கிறது. டெத்தின் தொடுவானத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். மூனில் அதே மாதிரி ஜோடிக் கோபுரம். டெத்தைத் தனியாக வைத்துப் பயமுறுத்துபவர்கள் அந்தச் சூரியனைப் பார்ப்பதே இல்லை.

மார்ச் 7
டவரில் விழும் பொறிகளை எண்ணுங்கள்: ஒருபுறம் 10, மறுபுறம் 12. ஹீப்ரு எழுத்தான யோத் வடிவம். 22 என்பது அந்த எழுத்துகளின் எண்ணிக்கை, பெரிய அர்க்கானா எனப்படும் முதன்மைச் சீட்டுகளின் எண்ணிக்கையும் அதுவே. மூனில் இதே பொறிகள் 15. கண்ணீர் என்று படிப்பது பிழை.

மார்ச் 9
படுத்த எட்டு (∞). மெஜிஷியனுக்கும் ஸ்ட்ரெங்த்துக்கும் தலைக்கு மேலே மிதக்கிறது. பென்டக்கிள் (நாணயம்) இரண்டு என்ற சீட்டில் அது கைக்கு இறங்கி நாடாவாகிறது; பின்னால் கப்பல்கள் அலையில் ஆடுகின்றன. மேலே இருந்தால் ஆளும் திறன், கையில் இருந்தால் ஓயாத சமாளிப்பு என்றே படிப்பேன்.

ஸ்ட்ரெங்த் இந்தக் கட்டில் 8. மார்செய் என்ற பழைய பிரெஞ்சுக் கட்டில் 11, அங்கே 8 ஜஸ்டிஸ். அதனால் எண்ணை வைத்துச் சொன்ன விளக்கத்தை அப்படியே அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது.

மார்ச் 10
சீட்டின் அடியில் ஒரு மூலையில் பாம்பு நெளிவது போலச் சிறு கோலம். அதற்கும் பொருள் கேட்டு வருகிறார்கள். அது ஸ்மித்தின் கையெழுத்து.