வேகத்தைச் சொல்லும் ஆங்கிலப் பெயரடைகள்: எது எதோடு சேரும்?

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் ரைட்டிங் பகுதிக்குப் படிக்கிற நிறைய பேர் கேட்கிற கேள்வி, ஃபாஸ்ட் என்பதற்குப் பதிலாக வேறு என்ன போடலாம் என்பது. கேட்ட உடனே குயிக், ராபிட், ஸ்விஃப்ட், ஸ்பீடி என்று ஒரு பட்டியல் கிடைத்துவிடும், அதை மனப்பாடம் செய்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மதிப்பெண் போவதே அங்கேதான். இந்தத் தேர்வுக்குப் படித்தபோது எனக்கு உதவிய பழக்கம், எந்தப் பெயரடையையும் தனியாக எழுதி வைக்காமல் அது சேர்ந்து வருகிற பெயர்ச்சொல்லோடு ஜோடியாகவே நோட்டில் எழுதியதுதான்.

முதலில் ஃபாஸ்ட், குயிக் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற, நகர்கிற ஒன்றின் வேகம் என்றால் பெரும்பாலும் ஃபாஸ்ட்: ஃபாஸ்ட் கார், ஃபாஸ்ட் ட்ரெயின், ஃபாஸ்ட் ரன்னர். ஒரு வேலை கொஞ்ச நேரத்தில் முடிகிறது என்றால் குயிக்: குயிக் லுக், குயிக் ஷவர், குயிக் கொஸ்டின். ஃபாஸ்ட் கொஸ்டின் என்று யாரும் சொல்வதில்லை. லேர்னர் போன்ற சில சொற்களுக்கு முன்னால் இரண்டுமே வரும், அதில் குழம்ப வேண்டாம்.

ராபிட் இருக்கிறதே, அது மாற்றத்துக்கான சொல். ராபிட் குரோத், ராபிட் சேஞ்ச், ராபிட் டிக்லைன். அகாடெமிக் பிரிவின் முதல் டாஸ்க்கில், சுமார் 20 நிமிடத்தில் குறைந்தது 150 சொற்களில் வரைபடத்தை விவரிக்கச் சொல்வார்களே, அங்கே இது இல்லாமல் வேலை நடக்காது. ஃபாஸ்ட் இன்க்ரீஸ் என்று எழுதினால் புரியும், ஆனால் இயல்பாக இருக்காது. ராபிட் இன்க்ரீஸ் என்று எழுதுங்கள், அல்லது இன்க்ரீஸ்ட் ராபிட்லி என்று வினையாக மாற்றுங்கள். சொல்வளத்துக்கு மட்டும் 25 சதவீத மதிப்பெண் இருப்பதால் இந்த ஜோடிகளுக்காகச் செலவிடுகிற நேரம் வீண் போகாது.

இதே டாஸ்க்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, வேகத்தைச் சொல்கிற சொல்லும் அளவைச் சொல்கிற சொல்லும் கலந்துவிடுவது. 10 ஆண்டுகளில் ஒரு கோடு 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கிராஜுவல். ஆனால் ஸ்லைட் கிடையாது, ஏனென்றால் ஸ்லைட் என்பது ஏறிய அளவு சிறியது என்கிறது, இங்கேயோ கோடு மூன்று மடங்காகியிருக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகப் போனால் ஸ்டெடி. குறுகிய காலத்தில் பெரிதாக எகிறினால் ஷார்ப். எழுதுவதற்கு முன் கோட்டைப் பார்த்து எவ்வளவு மாறியது, எவ்வளவு நேரத்தில் மாறியது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வின் இன்னொரு பிரிவான ஜெனரல் டிரெயினிங் எழுதுபவர்கள் முதல் டாஸ்க்கில் வருகிற கடிதத்தில் கவனமாக இருக்க வேண்டும். பிராம்ப்ட் ரிப்ளை என்றால் தாமதிக்காமல் பதில் போட்டதற்கான பாராட்டு. ஹேஸ்டி ரிப்ளை என்றால் யோசிக்காமல் அவசரப்பட்டு எழுதியதாகக் குறை சொல்வது! ஹேஸ்டி டிசிஷனும் அப்படித்தான். புகார்க் கடிதத்தில் ஸ்விஃப்ட் ஆக்‌ஷன் கேட்கலாம், உடல்நலம் தேற வாழ்த்துவதற்கு ஸ்பீடி ரிகவரி. சுறுசுறுப்பான நடை பிரிஸ்க் வாக்.

மெதுவான பக்கத்தில் ஸ்லோ எல்லா இடத்துக்கும் ஓரளவு பொருந்தும். மந்தமான பொருளாதாரத்துக்கு ஸ்லக்கிஷ், அவசரமே இல்லாத நிதானத்துக்கு லெஷர்லி. இந்த லெஷர்லி பார்க்க வினையடை மாதிரி இருந்தாலும் பெயரடையாகத்தான் அதிகம் வரும்: லெஷர்லி பேஸ், லெஷர்லி வாக்.

அப்புறம் இலக்கணம். ஃபாஸ்ட் என்பதே வினையடையாகவும் வரும், ஃபாஸ்ட்லி என்று எழுதாதீர்கள். ஃபாஸ்டர், குயிக்கர் சரி, அவற்றுக்கு முன்னால் மோர் சேர்க்கக் கூடாது. ராபிட்டுக்கு மட்டும் மோர் ராபிட். ஸ்பீட் என்ற சொல்லுக்கு முன்னால் ஃபாஸ்ட் வேண்டாம், ஹை ஸ்பீட் என்று போடுங்கள். பேஸ் என்றால் ஃபாஸ்ட், ராபிட், பிரிஸ்க் எல்லாமே சேரும். நாளைக்குச் சீக்கிரம் வா என்பதைக் கம் ஃபாஸ்ட் என்று எழுதுகிறவர்கள் நம்மில் அதிகம், அந்த இடத்தில் வேண்டியது எர்லி.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைத் திறந்து, பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள், ஜோடி அங்கேயே கிடைத்துவிடும். ஸ்பீக்கிங்கில் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. சாதாரணப் பேச்சுக்கு ஃபாஸ்ட், குயிக், ஸ்லோ போதும், ராபிட்டையும் ஸ்விஃப்ட்டையும் வலிந்து நுழைத்தால் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கும்.