கீழே எழும்பிய வீடும் எங்கள் மண் அணையின் வகை மாற்றமும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் வடபகுதியில் குளத்தோடு சேர்த்து நிலம் வாங்க எண்ணும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மண் அணை இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு மாற்றப்படக்கூடும் என்று மாநில அரசிடமிருந்து கடிதம் வந்தபோது, கரையில் கசிவு கண்டுவிட்டார்கள் என்றே பதறினோம். ஆனால் அங்கே வகையைத் தீர்மானிப்பது கரையின் உறுதி அன்று. உடைந்தால் கீழே உயிரிழப்பு நேரக்கூடுமா என்பதுதான்; நேரக்கூடுமென்றால் அது முதல் வகை. ஓடையோரத்தில், வேறொருவருடைய மனையில், புதிதாக ஒரு வீடு எழும்பியிருந்தது.

நிலத்தை விற்றுத் தந்த முகவர், இது சிறிய அணை, எந்தச் சட்டமும் தொடாது என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது. உயரம் 25 அடியை எட்டினாலும், கொள்ளளவு 100 ஏக்கர் அடியை (ஒரு ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி) எட்டினாலும், இரண்டில் ஒன்றே மாநிலத்தின் அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரப் போதும். எங்கள் கரை உயரத்தில் குறைவு, கொள்ளளவில் சிக்கியது. சட்டத்தின் மீது எனக்கு வருத்தமில்லை. 1977 நவம்பர் 6 அன்று விடியுமுன் இதே மாநிலத்தின் டக்கோவா ஊருக்கு மேலிருந்த கெல்லி பார்ன்ஸ் மண் அணை உடைந்து 39 பேர் மாண்ட பிறகு, அடுத்த ஆண்டே வந்த சட்டம் அது.

நாங்கள் அமர்த்திய பொறியாளர் முதலில் கேட்டது அணையின் மூல வரைபடம். மாவட்டப் பதிவு அலுவலகத்தில், பத்திரங்கள் மட்டுமே இங்குண்டு என்று ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தவரோ, கோப்பைத் தேடிக்கூடப் பாராமல், முதல் சாளரத்துக்கே திருப்பிவிட்டார். விடுப்பெடுத்துப் போன நாள் வீணானது. பிறகு பக்கத்துப் பண்ணைப் பெரியவர்தான், அந்தக் காலத்துப் பண்ணைக் குளங்கள் பலவும் மத்திய அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறையின் உதவியோடு கட்டப்பட்டவை என்று நினைவூட்டினார். இன்று இயற்கை வளப் பாதுகாப்புத் துறை என்ற பெயரில் இயங்கும் அதன் வட்டார அலுவலகத்தில், மதகுக் குழாயின் அளவும் கரையின் அடித்தளமும் குறிக்கப்பட்ட வரைபடம் பத்திரமாக இருந்தது! கரையைத் துளையிட்டு ஆராயும் செலவில் பெரும்பகுதி அதனால் மிச்சமாயிற்று.

அணை உடைந்தால் வெள்ளம் எதுவரை பாயும் என்ற கணக்கீட்டில், ஓடையோரத்து அந்தப் புது வீட்டின் தளம் நீருக்குள் வந்ததால் முதல் வகை உறுதியாகிவிட்டது. அனுமதி விண்ணப்பம் சிக்கலின்றி முடிந்தது. இனி, அப்பகுதியில் பெய்யக்கூடிய உச்ச மழையின் 25 விழுக்காட்டைத் தாங்குமாறு, மிகை நீர் வெளியேறும் மறுகாலை அகலப்படுத்த வேண்டும். செலவு முழுவதும் எங்களுடையது, வீடு கட்டியவருடையது அன்று.

கடிதம் கண்ட பதற்றத்தில் கரையிலுள்ள மரங்களை நீங்களாக வெட்டிவிடாதீர்கள். விட்டுப்போன வேர்கள் மட்கினால் நீர் கசிய வழி திறக்கும். வேரோடு பறித்தால் பள்ளம் விழும். பொறியாளர் உடனிருந்து, பள்ளத்தை மண்ணிட்டுக் கெட்டிக்கச் செய்யட்டும். நிலம் வாங்குமுன், அணையின் வகையை எழுத்தில் கேட்டு வாங்குவதோடு, ஓடை போகும் வழியெல்லாம் நடந்து, எந்த மனைகள் விற்பனைக்கு இருக்கின்றன என்றும் பார்த்து வாருங்கள்.