டீசலா, பெட்ரோலா?

மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். புதுக் கார் வாங்கப் போகிறோம், அப்பா டீசல்தான் வாங்க வேண்டும் என்கிறார். அவர் கார் வாங்கிய 2012-ல் இரண்டுக்கும் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். 2014 அக்டோபரில் டீசலின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அது சுருங்கிவிட்டது. சென்னையில் இப்போது எட்டு, ஒன்பது ரூபாய்தான்.

நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் 600 கி.மீ. ஓட்டுகிறோம். பெட்ரோல் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் 40 லிட்டர், டீசல் 20 கொடுத்தால் 30 லிட்டர். மாதம் 1,250 ரூபாய் போல மிச்சமாகும். ஆனால் டீசல் காரின் விலை ஒன்றேகால் லட்சம் கூடுதல். அதை எடுக்கவே எட்டு வருடம் ஆகிவிடும்!

பணத்தை விட எனக்குப் பெரிய கவலை டிபிஎஃப். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இது. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க அது நன்றாகச் சூடாக வேண்டும், அதற்கு வண்டி நெடுஞ்சாலை வேகத்தில் கொஞ்ச நேரம் விடாமல் ஓட வேண்டும். நாங்கள் ஓட்டுவதோ வேளச்சேரி நெரிசலில், பள்ளிக்கூடத்துக்கு 4 கி.மீ. திருநெல்வேலிப் பயணம் வருடத்தில் இரண்டே தடவை. வடிகட்டி அடைத்துக்கொண்டால் செலவு பயங்கரம்.

கரூரில் மச்சான் மாதம் 2,500 கி.மீ. ஓட்டுகிறார், எல்லாம் பைபாஸ். அவரிடம் டீசலே எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் பெட்ரோல்தான். சரி, இன்று ராத்திரி அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டப் போகிறேன்.