டெக்சஸ் நாட்குறிப்பு: முப்பத்தைந்து வயதுப் புதுமுகம்

1999 செப்டம்பர் 18, சனிக்கிழமை

ஆர்லிங்டன் மைதானத்திலிருந்து இப்போதுதான் அறைக்குத் திரும்பினேன். படுத்தாலும் தூக்கம் வராது.

அலுவலக நண்பர் ஒருவர் ஊருக்குப் போவதால் தம் டிக்கெட்டை என்னிடம் கொடுத்திருந்தார். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கும் டாம்பா பே டெவில் ரேஸ் அணிக்கும் ஆட்டம். இங்கே வந்து ஏழு மாதமாகிறது; பேஸ்பாலில் எனக்குப் பாதிதான் புரியும். ரேஞ்சர்ஸ் நன்றாக முன்னால் இருந்தார்கள். ஆட்டம் முடியும் நேரம். சிலர் காரை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது டெவில் ரேஸ் அணி பந்தெறிபவரை, அதாவது பிட்சரை, மாற்றியது. மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னின் கதவைத் திறந்துகொண்டு கனத்த உடம்புக்காரர் ஒருவர் ஓடி வந்தார். இளைஞர் இல்லை. எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஒரு கூட்டமே எழுந்து நின்று கத்தியது. வெளியூர் அணியின் பிட்சருக்கு இங்கே ஏன் இந்த வரவேற்பு? திரும்பிப் பார்த்தேன். ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்" என்றார்.

பெயர் ஜிம் மோரிஸ். இடது கைக்காரர். எதிரே மட்டையோடு ரேஞ்சர்ஸின் ராய்ஸ் கிளேட்டன். நான்கே பந்துகள். கிளேட்டன் ஸ்டிரைக் அவுட்: மூன்று ஸ்டிரைக் ஆனதும் ஆட்டமிழப்பது. அவ்வளவுதான். அந்த அம்மாள் என் தோளைப் பிடித்து உலுக்கினார். எதற்கு என்று முழுதாகத் தெரியாமலே நானும் கத்தினேன்.

செப்டம்பர் 19, ஞாயிறு

காலையிலேயே பேப்பர் வாங்கிவிட்டேன். அந்த அம்மாள் சொன்னது உண்மை. பிக் லேக் என்ற ஊரின் ரீகன் கவுண்டி உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், பேஸ்பால் பயிற்சியாளரும் அவரே. மேற்கு டெக்சஸில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே, சுமார் மூவாயிரம் பேர் வாழும் ஊர். அங்கிருந்து ஆர்லிங்டன் வர அரை நாள் கார் ஓட்ட வேண்டும்.

பயிற்சியின்போது பையன்கள் அடித்துப் பழக அவரே பந்தெறிவார். அந்தப் பந்தை எதிர்கொண்ட பையன்களுக்குத்தான் அதன் வேகம் தெரிந்தது. கனவை விடாதீர்கள் என்று அவர் அவர்களுக்குச் சொல்லப்போக, "அப்படியானால் நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள், சார்?" என்று மடக்கினார்கள். மாவட்டப் பட்டத்தை நாங்கள் வென்றால் நீங்கள் பெரிய அணியின் ஆள்தேர்வுக்குப் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். பையன்கள் வென்றுவிட்டார்கள்.

ஜூன் மாதம் டெவில் ரேஸ் நடத்திய ஆள்தேர்வுக்குத் தம் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். வேகமானியில் மணிக்கு 98 மைல். கிலோமீட்டரில் சொன்னால் 157க்கும் மேல். ஒருமுறை அல்ல, தொடர்ந்து பன்னிரண்டு பந்துகள்.

ஒன்பது வருடம் பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊதியம் போதாமல் கணினி படித்து இங்கே வந்தவன் நான். ஆசிரியர் சொல்லி மாணவன் முன்னேறிய கதை ஆயிரம் கேட்டிருக்கிறேன். மாணவர்கள் தங்கள் வெற்றியைக் கொண்டுவந்து வைத்து, ஆசிரியரிடம் அவர் கொடுத்த வாக்கைக் கேட்டு வாங்கியதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பேப்பரை மடிக்க முடியவில்லை. வெட்டி இந்த நோட்டில் ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 21, செவ்வாய்

நேற்றிரவு தொலைபேசியில் மனைவியிடம் சொன்னேன். கார்டில் இருந்த நிமிடமெல்லாம் அதிலேயே போய்விட்டது. "நாலு பந்து போட்டதற்கா இவ்வளவு?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அந்த நாலு பந்துக்குப் பின்னால் பதினாறு வருடம் இருக்கிறது. 1983இல் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கிருந்து நேரே மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்துக்குப் போய்விட முடியாது. ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே மைனர் லீக் என்ற படிக்கட்டு இருக்கிறது: ஏ, இரட்டை ஏ, மூன்று ஏ என்று. சிற்றூர் மைதானங்கள், ராத்திரி முழுக்க பஸ். அந்தப் படிக்கட்டில் நிற்பவர்களில் பெரும்பாலோர் மேலே போவதே இல்லை.

மோரிஸ் ஏ மட்டத்தைத் தாண்டவில்லை. முழங்கை, தோள், அறுவை சிகிச்சை. மறுபடி முயற்சி, மறுபடி வலி. 1989இல் வொயிட் சாக்ஸ் அணியின் கீழ் இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு ஒதுங்கினார். படித்து ஆசிரியரானார். இளமையில் அவரிடம் இல்லாத வேகம் பத்து வருட ஓய்வுக்குப் பிறகு அதே கையில் எப்படி வந்தது என்பதற்கு நான் படித்த எதிலும் திருப்தியான விளக்கம் கிடைக்கவில்லை.

இந்த முறை ஒரே கோடையில் ஏறிவிட்டார். முதலில் ஆர்லாண்டோ, அது இரட்டை ஏ. பிறகு வட கரோலினாவில் டர்ஹம் புல்ஸ், அது மூன்று ஏ. செப்டம்பர் 1 முதல் மேஜர் லீக் அணிகள் 25 பேருக்கு மேல், 40 வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அந்தக் கதவு வழியாகத்தான் ஒவ்வொரு வருடமும் மைனர் லீக்காரர்கள் சிலர் உள்ளே வருகிறார்கள். இவர் முதல் அழைப்பில் வந்து நின்றது சொந்த மாநிலத்திலேயே.

செப்டம்பர் 25, சனிக்கிழமை

புல்பென்னைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் புரிந்தது.

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்குத் தன் நாள் எதுவென்று முன்கூட்டியே தெரியும். மாற்றுப் பிட்சருக்குத் தெரியாது. புல்பென்னில் ஒரு தொலைபேசி இருக்கும். அது அடித்தால் எழுந்து கையைச் சூடாக்க வேண்டும். சூடான பிறகு, வேண்டாம், உட்கார் என்று சொல்லிவிடுவார்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறைகூட இப்படி நடக்கும். எறிந்த பந்துகள் கையில் வலியாகத் தங்கும். எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அழைத்தால் போவது பெரும்பாலும் அடுத்தவர் உண்டாக்கிய சிக்கலுக்குள்தான்.

முதல் நாளே முன்னால் போய் நிற்கும் வீரரைவிட, கூப்பிடாத நாளிலும் ஆயத்தமாக இருப்பவரை நான் இப்போது அதிகம் மதிக்கிறேன். மோரிஸ் அந்தப் பள்ளி மைதானத்தில் பையன்களுக்கு எறிந்துகொண்டிருந்த வருடங்களும் எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றன. தாம் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அக்டோபர் 3, ஞாயிறு

பருவம் இன்றோடு முடிந்தது. ரேஞ்சர்ஸ் தங்கள் பிரிவில் முதலிடம், டெவில் ரேஸ் கடைசி. மோரிஸ் ஐந்து ஆட்டங்களில் எறிந்திருக்கிறார்.

பாலிடெக்னிக்கில் என்னிடம் படித்த ஒரு பையன் மார்ச்சில் கடிதம் போட்டிருந்தான். 'நீங்கள் எழுதுவதாகச் சொன்ன கணக்குப் புத்தகம் வந்துவிட்டதா, சார்?' என்று கேட்டிருந்தான். பதில் போடாமலே வைத்திருந்தேன். இன்று பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். முதல் அத்தியாயத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன்.

2000 ஜூன் 3, சனிக்கிழமை

மோரிஸின் பெயர் ஆட்டக் குறிப்புகளில் வருவதில்லை. மே 9 அன்று நியூயார்க்கில் யாங்கீஸ் அணிக்கு எதிரே ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, மூன்று தளங்களிலும் ஆள் நிற்க, அவரை இறக்கினார்கள். பால் ஓநீலுக்கு நான்கு பந்துகளைத் தவறாக எறிந்து, 'வாக்' கொடுத்துவிட்டார்; அப்படியானால் அடிப்பவர் முதல் தளத்துக்கு இலவசமாகப் போவார், தளங்களில் நிற்பவர்களும் ஒவ்வொரு தளம் முன்னேறுவார்கள். மூன்றாம் தளத்தில் நின்றவர் நடந்தே வந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தார். கை மறுபடி வலிக்கிறதாம். அதன்பிறகு அவர் எறியவில்லை.

கணக்கை நோட்டில் எடுத்து எழுதினேன். இரண்டு பருவங்களும் சேர்த்து 21 ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது). பிட்சராக அவர் பெயரில் வெற்றி 0, தோல்வி 0. ஸ்டிரைக் அவுட் 13. அதில் முதலாவதை நான் நேரில் பார்த்தேன்.