செவ்வாய்ப்பேட்டைக் கொலுசும் இரண்டு தெர்மாகோல் அட்டையும்

வாட்ஸ்அப்பில் வரும் கொலுசுப் படங்களில் பாதி ஒரே சாயலில் இருக்கும். நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைத் திட்டு, மற்ற இடமெல்லாம் ஈயப் பாத்திரம் போல மங்கல், ஒவ்வொரு சலங்கையிலும் படம் எடுப்பவரின் சட்டை நிறம். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பற்றவைத்து மெருகேற்றி வந்த சரக்கு, படத்தில் அலுமினியமாகிவிடுகிறது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு பல்ப் போடுவார்கள். திட்டு இரண்டாகும், வேறு பலன் இல்லை.

மெருகேற்றிய வெள்ளி தன் மேல் விழும் ஒளியைச் சிதறடிப்பதில்லை. எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி விடுகிறது. அதனால் படத்தில் தெரிவது கொலுசுக்கு எதிரே இருப்பதுதான். எதிரே வெள்ளைத் தாள் இருந்தால் வெள்ளி வெளுக்கும், பச்சை பீரோ இருந்தால் பச்சை ஏறும். ஏற்காட்டு மிளகை எடுப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கை வைத்தால் சுருக்கம் சுருக்கமாக எழுந்து நிற்கும், வேலை முடிந்தது. ஜவ்வரிசிக்குக் கருப்புத் துணியும் பின்பக்கம் ஒரு விளக்கும் போதும். கொலுசுக்கு மட்டும் விளக்கை விட்டுவிட்டு, சுற்றி என்ன நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மேசையில் சாம்பல் நிற முழு சார்ட் ஒன்றை விரித்து, அதன் பின் விளிம்பை ஒன்றரை அடி உயரத்தில் நாற்காலி முதுகில் கிளிப் போட்டு மாட்டுங்கள். மடிப்பு விழாமல் வளைந்து இறங்கட்டும். வெள்ளை சார்ட் வேண்டாம். கொலுசின் விளிம்பு அதில் கரைந்துவிடும். விளக்குக்கு 12 வாட் எல்இடி பல்ப் ஒன்று, நீள ஒயர் வைத்த ஹோல்டர். டப்பாவில் ஒளியின் நிறம் 6500 கெல்வின் என்று போட்டிருப்பது சரி. நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ; அது 90 உள்ள பல்ப் கிடைத்தால் கல் வைத்த கொலுசின் சிவப்பும் பச்சையும் ஒழுங்காக வரும். அறையின் டியூப்லைட், பூஜை விளக்கு, டிவி எல்லாம் அணையட்டும். மின்விசிறியும்தான், தாள் ஆடும்.

அடுத்து டிரேசிங் பேப்பர். இரண்டடி அகலத் துண்டை ஒரு கயிற்றில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கொலுசுக்குப் பின்னாலும் மேலேயும் கூரை போலச் சாய்த்து நிறுத்துங்கள். கொலுசுக்கும் தாளுக்கும் ஒரு சாண் இடைவெளி. தாளுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை அடி தள்ளி பல்ப். ஹாலஜன் விளக்கைத் தாளருகே கொண்டுபோகவே கூடாது, கருகும்.

தாள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கொலுசை எடுத்துவிட்டு அதே இடத்தில் சின்னக் கைக்கண்ணாடியைப் படுக்க வையுங்கள். கேமரா வழியாகப் பார்த்தால் கண்ணாடி முழுக்க டிரேசிங் பேப்பர் தெரிய வேண்டும். ஓரத்தில் சுவரோ சீலிங்கோ எட்டிப் பார்த்தால் கொலுசின் பட்டைப் பகுதியிலும் அதுவே இருட்டாக வரும். தாளை நகர்த்துங்கள், அல்லது கேமராவின் உயரத்தை மாற்றுங்கள்.

பல்ப் தாளுக்கு மிக அருகில் இருந்தால் தாளின் நடுவில் வட்டமாக ஒரு பளீர்ப் புள்ளி விழும். வெள்ளி அதை அப்படியே காட்டிக்கொடுக்கும். ரொம்பத் தள்ளினால் தாள் ஒரே சீராக வெளுத்து, கொலுசு தட்டையாகிவிடும். பல்பைத் தாளின் ஒரு ஓரத்துக்கு நகர்த்தினால் தாளின் மேல் வெளுப்பு மெதுவாக மங்கலாக மாறும். அந்த மாற்றம் வெள்ளியில் படியும்போதுதான் உலோகம் உருண்டையாக, கனமாகத் தெரிகிறது. இந்த ஓர் இடத்தில் அரைமணி நேரம் செலவழித்தாலும் தகும்.

இடமும் வலமும் ஒரு அடி தள்ளி இரண்டு தெர்மாகோல் அட்டை. இவை பக்கவாட்டு இருளை நிரப்பும். ஆனால் சுற்றிலும் வெள்ளையாகிவிட்டால் வெள்ளி பிளாஸ்டிக் போல ஆகிவிடும், அதற்குத்தான் கருப்பு. கருப்பு சார்ட்டை ஓர் அங்குல அகலப் பட்டையாக வெட்டி, தெர்மாகோலுக்கு முன்னால் நிறுத்துங்கள். வேலைப்பாட்டின் விளிம்புகளில் மெல்லிய கருங்கோடு ஓடும். பட்டையை ஓர் அங்குலம் நகர்த்தினாலே கோடு இடம் மாறும். ஆன்லைனில் விற்கும் மடக்கு லைட் பாக்ஸ் வெள்ளிக்கு ஒத்துவராததும் இதனால்தான்: உள்ளே எங்கும் வெள்ளை, கூரையில் வரிசையாக எல்இடி. அந்த வரிசை ஒவ்வொரு முத்திலும் புள்ளி புள்ளியாக விழும்.

சலங்கையும் முத்தும் தனிக் கதை. உருண்டை என்பதால் ஒவ்வொன்றும் அறை முழுவதையும் பார்க்கிறது, கேமராவையும் சேர்த்து. நடுவில் விழும் அந்தக் கருப்புப் புள்ளியை ஒழிக்க முடியாது, சிறிதாக்கலாம். மூன்றடி பின்வாங்கி, போனில் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளை சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுத்தால் புள்ளி இன்னும் அடங்கும். சிவப்புச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கருப்போ சாம்பலோ போடுங்கள். போலரைசர் ஃபில்டருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கண்ணாடியிலும் கல்லிலும் அது வேலை செய்யும், உலோகப் பளபளப்பை அறுக்காது.

போனில் புரோ மோடு, அதாவது அளவுகளை நாமே வைக்கும் முறை. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/25 அல்லது 1/20 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50, 1/25 போன்ற வேகங்களில் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும். 1/200, 1/320 என்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் நிற அளவு) ஆட்டோவில் விடாமல், கொலுசு இருக்கும் இடத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்து அதைக் கொண்டு பூட்டுங்கள். தனிக் கேமரா என்றால் 18-55 ஜூம் லென்ஸின் 55 முனை, லென்ஸ் துளை எஃப் 11 (எண் கூடினால் துளை சிறுக்கும்). எஃப் 16ஐத் தாண்டினால் கூர்மை குறையும். இந்த ஒற்றை பல்புக்கு எஃப் 11இல் ஷட்டர் ஒரு நொடியைத் தாண்டக்கூடும். டிரைபாட்டும் டைமரும் இருந்தால் பிரச்சினையில்லை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் மட்டும் காத்திருங்கள், மேசையோடு படமும் அதிரும்.

பல்பே வேண்டாம், ஜன்னல் போதும் என்பவர்களுக்கு: வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்பது குளிர்நாட்டுப் புத்தகங்களின் கணக்கு. சேலம் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்குள் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். உச்சி வெயிலை சன்ஷேட் தடுத்துவிடும். காலையும் மாலையும் சாய்ந்து வரும் வெயில் வடக்கு ஜன்னலிலும் நுழையும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கும் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய நாளில் வானமே பெரிய டிரேசிங் பேப்பர். ஆனால் ஒளி நீலமாக இருக்கும், பனி நகர நகர அளவும் மாறும். பத்துப் படத்துக்கு ஒருமுறை ஒயிட் பேலன்ஸைத் திரும்ப எடுங்கள்.

டிரேசிங் பேப்பருக்குப் பதில் வேட்டியைக் கட்டலாம், நீலம் போட்டுத் துவைத்ததாக இல்லாவிட்டால். நீலம் ஏறிய வேட்டி வழியே வரும் ஒளியும் நீலம்தான். பாவும் ஊடும் நெருங்கிய துணி வேண்டும். நெசவு தெரிந்தால் அதுவும் வெள்ளியில் விழும்.

அமேசான் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கேட்கும், பொருள் படத்தின் பரப்பில் 85 சதவீதம் நிறைய வேண்டும். சாம்பல் பின்னணியில் எடுத்து வெட்டலாம் என்றால், ஓட்டை ஓட்டையாக இருக்கும் கொலுசில் அது கண்ணைக் கெடுக்கும் வேலை. பால் வெள்ளை அக்ரிலிக் பலகையைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் இன்னொரு பல்ப் கொடுங்கள். தரை வெளுக்கும் அளவு மட்டும் போதும். அதிகமானால் ஒளி மேலேறி விளிம்பைத் தின்றுவிடும். கருப்புப் பட்டைகளை இங்கே இன்னும் நெருக்கமாக நிறுத்த வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் ரேகை பெரிதாக்கினால் பயங்கரமாகத் தெரியும். கறுத்த கொலுசைத் தட்டில் அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடாவும் சுடுநீரும் ஊற்றி ஊறவைத்தால் கறுப்பு நீங்கும். கல் ஒட்டியதை அப்படிச் செய்யாதீர்கள், பசை இளகும். ஆக்சிடைஸ் செய்த கொலுசையும் கூடாது: அந்தக் கறுப்பு அழுக்கல்ல, வேலைப்பாடு. சோடா இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. கழுவி முடித்தபின் அதைப் பட்டறைக்குத்தான் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.