அந்த அரை ஷிப்ட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் போடுவது என் பொறுப்பு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. வாடகையும் அரிசியும் அந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். சீட்டுப் பணம், டியூஷன், ஞாயிற்றுக்கிழமைக் கறி எல்லாம் அந்த அரையில்தான்.

2025 ஆகஸ்ட் 27 அன்று நம் சரக்குக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20தான். பையர் எங்கே போவார்? எங்கள் கம்பெனியில் யாரையும் நிறுத்தவில்லை, அரை ஷிப்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேட்க நல்லவிதமாகத்தான் இருக்கிறது.

முதலில் தெரிந்தது எதிர் பேக்கரியில். நாலு மணிக்குத் தேங்காய் பன் தட்டு காலியாகும் கடை அது. இப்போது இரண்டு பேர் ஒரு பன்னைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சிலர் வீட்டிலிருந்தே பிளாஸ்கில் டீ கொண்டுவருகிறார்கள். நானும் வண்டி டயரை அடுத்த மாதம் மாற்றலாம் என்று மூன்று மாதமாகத் தள்ளுகிறேன். மழை வந்தால் உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும், அது வேறு கதை.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா கவரைப் பிரித்து என் மேசையிலேயே இரண்டு தடவை எண்ணினார்.

"தம்பி, சரியாத்தானே போட்டிருக்கீங்க? கணக்கு நோட்ட ஒருதரம் பாருங்க."

பார்த்தேன். ஆறு நாள், ஆறு ஷிப்ட். சரியாகத்தான் இருந்தது.